பாதி மார்ஜின்

"பேனாவ வைங்க" என்றான் செல்வம்.

ஷ்யாமளா வைக்கவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள். அதை முடித்துவிட்டு வைக்கலாம் என்று கை ஓடிக்கொண்டிருந்தது. செல்வம் மேசைக்கு மேலாகக் கையை நீட்டிக் காகிதத்தை இழுத்துக்கொண்டான். கடைசி எழுத்து நீண்ட கோடாகி மேசைமேல் போய் நின்றது.

"இன்னிக்கும் பாதிதான் மேடம்."

"ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்."

"ரெண்டு பக்கம் பென்சில்ல. பேனால ஒம்பது வரி. பேப்பர் திருத்துதவன் என்ன பென்சிலுக்கா மார்க் போடுதான்?"

சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லை. பக்கத்து மேசையில் யாரோ கழுவாமல் வைத்துவிட்டுப் போன டப்பாவின் மூடி திறந்து கிடந்தது. ஷ்யாமளா தன் டப்பாவை இன்னும் திறக்கவில்லை. மதிய இடைவேளை முடியப்போகிறது. அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

செல்வம் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். நீளவாக்கில் நடுவில் மடித்துப் பிரித்த தாள். வலது பாதியில் மட்டும் நெருக்கமான சிறிய எழுத்து. இடது பாதி வெறுமையாக இருந்தது.

"இந்தப் பக்கம் யாருக்கு? வாடகைக்கு விடப்போறீங்களா?"

"கை அப்படியே மடிச்சுடறது. நான் என்ன பண்ணட்டும்?"

"பரீட்சைத் தாள மடிச்சா கிழிச்சுருவான்."

அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. செம்பூரில் உள்ள ஒரு வாரிய அலுவலகத்தில் முதுநிலை எழுத்தர். இருபத்துமூன்று வயதில் சேர்ந்தபோது முதல் நாள் சொல்லித்தந்தது இந்த மடிப்பைத்தான். வரைவு எழுதும் தாளை நீளவாக்கில் மடிக்க வேண்டும். வலது பாதியில் எழுத்தர் எழுத வேண்டும். இடது பாதி அதிகாரி திருத்துவதற்கு. பாதி மார்ஜின் என்று பெயர். திருத்தி வந்த பிறகு சுத்தப் பிரதி. அதற்குப் பிறகுதான் கடிதம் என்று ஒன்று உண்டாகிறது. கணினி வந்த பிறகும் அவளுடைய பிரிவில் இது மாறவில்லை. பிரிவுத் தலைவர் சாவந்த் சாஹேப் திரையில் படித்தால் தலை வலிக்கிறது என்பார். காகிதத்தில்தான் வேண்டும். சிவப்புப் பேனாவால் இடது பக்கத்தில் எழுதுவார். அவருக்கு முன்பிருந்த மூன்று பேரும் அப்படித்தான்.

முப்பது வருடங்களில் அவள் எழுதாத கடிதம் இல்லை. தண்ணீர்க் குழாய் பற்றி, லாரி வாடகை பற்றி, இறந்துபோன ஊழியரின் மனைவிக்கு அனுதாபம் தெரிவித்து. எல்லாவற்றையும் கடைசிப் பத்தி வரை கொண்டுவந்து நிறுத்துவாள். கடைசிப் பத்தி அதிகாரியுடையது. 'ஆகவே' என்று தொடங்கும் எதையும் எழுத்தர் எழுதக் கூடாது. அந்த இடத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடுவாள். அதன் கீழே 'சப்மிட்டட் ஃபார் அப்ரூவல், ப்ளீஸ்' என்று எழுதி, இடது ஓரத்தில் இனிஷியலும் அடியில் தேதியும் போடுவாள். அப்புறம் கோப்பு மேலே போகும்.

ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது. எழுத்தர் பிரிவு முழுவதும் ஜூலையில் தலோஜா கட்டடத்துக்கு மாற்றப்படுகிறது. கண்காணிப்பாளர்கள் மட்டும் செம்பூரில் இருப்பார்கள். கண்காணிப்பாளர் பதவிக்குத் துறைத் தேர்வு. மற்ற தாள்களில் அவள் ஏற்கெனவே தேறியிருந்தாள். ஆங்கிலத் தாள் மட்டும் பாக்கி. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும், பென்சிலில் வரைவு போட்டுப் பேனாவில் சுத்தப் பிரதி எடுப்பதற்குள் நேரம் போய், கட்டுரையை முடிக்காமல் தோற்றாள். மூன்று முறைக்கு மேல் அனுமதி இல்லை.

மாட்டுங்காவிலிருந்து செம்பூர் போவதே அவளுக்கு இப்போது போதுமான தூரமாக இருந்தது. குர்லாவில் இறங்கிப் படியேறி, பாலத்தைக் கடந்து, படியிறங்கி ஹார்பர் லைன் மின்ரயில் பிடிக்க வேண்டும். இடது முட்டி பாலத்தின் நடுவில் ஒரு தடவை நின்றுகொள்ளச் சொல்லும். தலோஜா என்றால் அதே வண்டியில் பன்வேல் வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடங்கள். அந்த ஐந்து வருடங்களையும் நின்றுகொண்டே கழிக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு அந்தப் பதவியின்மேல் இல்லை.

செல்வம் அவளுக்கு அடுத்த நாற்காலிக்காரன். தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆறு வருடங்களுக்கு முன் சேர்ந்தான். அவனும் இந்த ஞாயிற்றுக்கிழமை அதே தேர்வை எழுதுகிறான். அவனுக்கு முதல் முறை. கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. "எனக்கென்ன, சயான்ல பஸ் ஏறுனா தலோஜா வர ஒரே தூக்கம்" என்பான். அவனுடைய ஆங்கிலத்தில் பிழைகள் நிறைய. ஆனால் மணி அடிக்கும்போது அவன் கட்டுரை முடிந்திருக்கும். அவளுடையதில் பிழையே இருக்காது. கட்டுரையும் இருக்காது.

"இங்க பாருங்க. இதுல முடிவு எங்க?" பென்சில் தாளைத் திருப்பிக் காட்டினான். கடைசியில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

ஷ்யாமளா பார்த்தாள். "அது மேல இருக்கறவா எழுதுவா" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். தயிர் சாதம் இறுகிப்போயிருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன். கடியாரத்தப் பாத்தா உங்களுக்குக் கை ஓடல. கடியாரம் வேண்டாம். வண்டியில போற மாதிரி வச்சுக்கிடுங்க."

"என்ன வண்டி?"

"குர்லாவுல ஏறுதீங்க. செம்பூர் வர யோசிக்கலாம், பென்சில் கிடையாது. செம்பூர்ல பேனா. மான்குர்த் தாண்டி கிரீக் பாலம் வருதுல்லா, அதுக்குள்ள முதல் பத்தி முடிஞ்சிரணும். வாஷி, சான்பாடா, நெரூல், இதெல்லாம் நடு. அவ்வளவுதான். வண்டி நின்னா நீங்களும் அடுத்த பத்திக்குப் போயிரணும். கதவுல தொங்கிக்கிட்டு 'இன்னொரு வரி, இன்னொரு வரி'ன்னா வண்டி நிக்குமா?"

"கடைசில பன்வேலா?"

"ஆமா."

"பன்வேல் வேண்டாம்னுதானே இந்தப் பரீட்சையே எழுதறேன்."

"அப்ப அதுக்கு முந்தியே பேலாப்பூர்ல இறங்கிருங்க. மிச்ச நேரம் படிச்சுப் பாக்க."

சனிக்கிழமை வீட்டில் எழுதிப் பார்த்தாள். சமையல் மேடைக்கு எதிரே இருந்த மடக்கு மேசையில். கணவர் பஞ்சாபகேசன் போன வருடம் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காப்பி போடுவதையும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்வருவதையும் தவிர மற்ற நேரங்களில் ஜன்னலருகே உட்கார்ந்து கீழே வண்டி நிறுத்துகிறவர்களைக் கவனிப்பார்.

"முட்டி வலின்னு ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்துட்டா போறதே" என்றார்.

"கேட்டாச்சு. தலோஜாலயே டாக்டர் இருக்காராம்."

"அப்போ இன்னும் சௌகர்யம்."

அவள் சன்னமாகச் சிரித்தாள். கை தாளை மடிக்கப் போயிற்று. இடது கையை மேசைக்கடியில் கொண்டுபோய்த் தொடையின்மேல் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் எழுதினால் தாள் நகர்ந்தது. ஓரத்தில் காப்பி டம்ளரை வைத்தாள்.

"நாழி ஆயிடுத்துன்னா சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்கோ. நான் வண்டில இருக்கேன்."

பஞ்சாபகேசன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அன்று நெரூல் வரை வந்தாள். மறுபடி ஒருமுறை எழுத அவளிடம் தெம்பு இல்லை. ராத்திரிச் சமையலுக்கு வெண்டைக்காய் நறுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளின் பெஞ்சு. முட்டியை மடக்க முடியாமல் காலை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்தாள். செல்வம் இரண்டு வரிசை தள்ளி. கண்காணிக்க வந்த ஆசிரியை இளம்பெண். விதிகளை மராத்தியில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் படித்தாள். மொபைலை வெளியே வைக்க வேண்டும். விடைத்தாளின் உள்ளே பெயர், பதவி, கையெழுத்து, இனிஷியல், அடையாளம் தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தத் தாள் திருத்தப்பட மாட்டாது. மூன்றாவது முறையாக இதைக் கேட்கிற ஷ்யாமளா, தெரிந்த ஸ்டேஷனின் அறிவிப்பைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுருக்கி எழுதுவதும் கடிதமும் சீக்கிரம் முடிந்தன. அவை அவளுடைய அன்றாட வேலை. பிறகு கட்டுரை. மூன்று தலைப்புகள். ஒன்று கணினி பற்றி. ஒன்று சுத்தமான நகரம். மூன்றாவது, வேலை இல்லாத ஒரு நாள்.

குர்லா. அவள் பேனாவைத் தொடவில்லை. வேலை இல்லாத ஒரு நாளைப் பற்றி யோசித்தாள். உடனே எதுவும் வரவில்லை. கரும்பலகையில் யாரோ அழித்துவிட்டுப் போன பின்னக் கணக்கு அரைகுறையாகத் தெரிந்தது. திலக் நகர் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தின வெயில்.

செம்பூர். பேனாவை எடுத்தாள். இடது கையைப் பெஞ்சுக்குக் கீழே விட்டாள். கேள்வித்தாளை ஓரத்தில் அழுத்தி வைத்தாள்.

வேலை இல்லாத நாளில் நான் கண் விழிப்பேன், ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்று எழுதினாள். முழு வரி. இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை. வரியின் பாதியில் கை ஒருமுறை தயங்கிற்று. இத்தனை அகலமாக அவள் எழுதிப் பழக்கமில்லை. பால் வந்திருக்கும், யாராவது எடுத்துக்கொள்ளட்டும். குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோகட்டும். எனக்கு யாரும் நாற்காலி தர வேண்டியதில்லை, ஏனென்றால் நான் எங்கும் நிற்கவில்லை. கிரீக் பாலம் வந்தபோது முதல் பத்தி முடிந்திருந்தது. கீழே கழிமுகத் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாஷியில் ஒரு சொல் பிடிக்கவில்லை. அடித்துத் திருத்தலாமா என்று பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது. விட்டுவிட்டாள். விட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சான்பாடாவில் கணவருக்கு ஒரு வரி கொடுத்தாள். அவர் அன்றைக்கும் ஜன்னலருகே இருப்பார், அவருக்கு எல்லா நாளும் இதே நாள்தான். நெரூலில் முட்டி வந்தது. முட்டிக்கும் அன்றைக்கு விடுமுறை.

எழுதுவது சுலபமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. தோள் வலித்தது. விரலின் பக்கவாட்டில் பேனா அழுத்திய பள்ளம் சிவந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை.

பேலாப்பூரில் கடைசிப் பத்திக்கு வந்தாள். நான்கு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. முதலில் அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'ஆகவே' என்று எழுதினாள். ஆகவே வேலை இல்லாத ஒரு நாளில் நான் செய்ய விரும்புவது ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததை மற்றவர்கள் எனக்காகச் செய்து முடிக்காமல் இருந்தால் போதும். படித்துப் பார்த்தாள். சரியான ஆங்கிலம்தான். சாவந்த் சாஹேப் இதை நிச்சயம் அடித்துவிடுவார்.

நேரம் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து படித்தாள். இரண்டு காற்புள்ளிகள் சேர்த்தாள். கட்டுரை முழுதாக இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்து உட்கார்ந்த மாதிரி. கண்கள் எரிந்தன. மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. கை கடைசி வரிக்குக் கீழே, வழக்கமாக எழுதுவதை எழுதிற்று. 'சப்மிட்டட் ஃபார் அப்ரூவல், ப்ளீஸ்.' இடது ஓரத்தில் இனிஷியல். அடியில் தேதி.

பேனாவை மூடினாள். மணி அடித்தது. இளம் ஆசிரியை தாளை வாங்கிக் கட்டோடு சேர்த்து நகர்ந்தாள்.

செம்பூர் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. செல்வம் அரை டம்ளர் அளவில் இரண்டு கட்டிங் சாய் வாங்கி வந்தான். பெஞ்சில் அவளுக்கு இடம் இருந்தது. அவன் நின்றான்.

"முடிச்சீங்களா அக்கா?"

"முடிச்சேன்."

"நெசமா?"

"பேலாப்பூர்ல இறங்கிப் படிச்சும் பார்த்துட்டேன்."

"அப்படிப் போடுங்க. நான் கணினி எழுதுனேன். கணினின்னா என்னன்னு மொத பத்தி, கணினியால நன்மை ரெண்டாவது, தீமை மூணாவது. கதம், முடிஞ்சுபோச்சு. நீங்க முடிவுல என்ன எழுதுனீங்க? மேல இருக்கறவங்களுக்கு விட்டுட்டீங்களா?"

"இல்ல. நானே எழுதினேன்." டீயை ஒரு வாய் குடித்தாள். "ஆகவே, எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஒருத்தரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்னு. இங்கிலீஷ்ல நன்னா வந்தது. அதுக்குக் கீழ சப்மிட்டட் ஃபார்..."

நிறுத்தினாள்.

"ஃபார் என்ன?" என்றான் செல்வம்.

எதிர் நடைமேடையில் ஒரு வண்டி வந்து நின்று பன்வேல் பக்கம் போயிற்று. அது போகும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வம், அந்த ரூல் கட்டுரைக்கு மட்டுமா? எல்லாத்துக்கும் சேர்த்தா?"

"எந்த ரூலு?"

"இனிஷியல் போடக் கூடாதுங்கறது."

அவன் முதலில் சிரித்தான். அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்தான். பிறகு அவள் டீ டம்ளரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தான்.

"போட்டீங்களா?"

"தேதியும் போட்டேன்."

"லீவ் லெட்டர் மாதிரி ஆயிட்டே அக்கா" என்றான். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே அவனுக்குத் தோன்றியது. அவளோ தலையை ஆட்டினாள். ஆமாம், அப்படித்தான் ஆகியிருக்கிறது.

"திரும்பிப் போய்ச் சொல்லிப் பாப்பமா? அந்த டீச்சர் கேட்டுக்கிடும்."

"சீல் வெச்சிருப்பா. வெச்ச கட்டைப் பிரிக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது."

"கவனிக்க மாட்டான். கட்டுக் கட்டா திருத்துதவன். கடைசி வரியெல்லாம் எவன் பாக்கான்? டென்ஷன் நக்கோ, விடுங்க."

"கவனிப்பா. நானா இருந்தா கவனிப்பேன்."

அவன் காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். வந்து, அவள் பையைக் கேட்டான். கொடுத்தாள். குர்லா வண்டி வந்தது. பெண்கள் பெட்டி நிற்கும் இடம் வரை பையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஆனா முடிச்சீங்கள்லா" என்றான்.

"முடிச்சேன்."

வீட்டில் பஞ்சாபகேசன், எப்படி, என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றாள். அப்பாடா, என்றார். அவள் புடவை மாற்றப் போனாள்.

திங்கட்கிழமை காலை சீஸன் பாஸ் முடிந்திருந்தது. மாட்டுங்கா டிக்கெட் ஜன்னலில் வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்தபோது செம்பூர் என்று சொல்லவில்லை. பன்வேல் என்றாள். மூன்று மாதம். எந்த வழி என்று டிக்கெட் கொடுப்பவன் கேட்டான். குர்லா வழி என்றாள். செம்பூர் நடுவில் இருப்பதால் அதற்கும் அது செல்லும்.

அலுவலகத்தில் பாதி அலமாரிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பதினொரு மணிக்கு சாவந்த் சாஹேப் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தார். அலமாரிகளைத் தலோஜாவுக்கு ஏற்றிச் செல்ல லாரி கேட்டு ஒரு கடிதம். அவள் தாளை மடித்து வலது பாதியில் எழுதினாள். கீழே இடம் விட்டு, வழக்கமாக எழுதுவதை எழுதி, இனிஷியலும் தேதியும் போட்டு மேலே அனுப்பினாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. ஒரு சொல் மாற்றியிருந்தார். கடைசிப் பத்தி சேர்த்திருந்தார். ஆகவே நான்கு லாரிகள் தேவை.

செல்வம் மதியம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான்.  நான்கு மணிக்குச் சுத்தப் பிரதி எடுத்தாள். சாயங்காலம் வண்டியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குர்லாவில் இறங்கிப் பாலத்தின் நடுவில் ஒரு தடவை நின்றாள். பிறகு மாட்டுங்கா வண்டி பிடித்தாள்.